டேப் சுற்றிய குழாய்

டொராண்டோ
12.11.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா? எனக்கு ஒரு குறையுமில்லை.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. குளியலறைக் குழாய் கசிந்தது. வீட்டுக்கார ஜெயசித்ரா அக்கா, அரியலூர்க்காரர், ஆள் தேடினார். “எதுக்குக்கா? எங்கப்பா பிளம்பர்தானே!” என்று நானே இறங்கினேன்.

இங்கே பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய். திருகி மாட்ட மரை கிடையாது. பித்தளை முனையில் அடிவரை செருகி, செம்பு வளையத்தைப் போட்டு நெரிக்க வேண்டும். நானோ நம் ஊர் இரும்புக் குழாய்க்குச் சுற்றுவதுபோல் முனையில் டேப் சுற்றிவிட்டேன். குழாய் பாதிதான் ஏறியது. தண்ணீரைத் திறந்ததும் பிடுங்கிக்கொண்டது. கீழ் அறையின் கூரை ஊறிவிட்டது.

“ஏம்புள்ள, ஒங்கப்பா இப்புடித்தான் சொல்லிக் குடுத்தாரா?” என்றார் அக்கா.

“ஆமாங்கக்கா” என்றேன்.

நீங்கள் பெக்ஸைப் பார்த்ததே இல்லை. தெரியாத வேலையைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவீர்கள். இப்போது அக்கா வருகிறவர்களிடமெல்லாம் “பெரம்பலூர் பிளம்பரு” என்று உங்களைப் பற்றிக் கதை சொல்கிறார். நேற்று அவர்களோடு நானும் சிரித்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அப்பா.

அம்மாவைச் சுண்டைக்காய் வற்றல் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் நாலு வரி எழுதுங்கள், திட்டியாவது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அக்கா இன்னும் சமையலறையில்தான் இருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

உங்கள் மகள்,
வெற்றிச்செல்வி