பீர் பிரிட்ஜில் இருந்த ஊசி

ஹோர்ஷம் பக்கம்
வியாழன், நவம்பர் 14

அன்புள்ள மெரிடித்துக்கு,

உன் மகள் பிரயனிக்கு முதல் ஆஸ்துமா ஊசி போட்ட அன்று, "இது வேலை செய்யுதுன்னு நமக்கு எப்படி வாத்தியாரே தெரியும்?" என்று என்னிடம் கேட்டாய். உங்கள் வேலியைக் காட்டினேன். கோதுமைக்குள் ஆடு நுழையவில்லை என்றால் வேலி நன்றாக இருக்கிறது என்று பொருள். இருமல் இல்லாத இரவும் அப்படித்தான் என்றேன். ஆடு நுழையாத வேலியை யாரும் சுற்றிப் பார்ப்பதில்லை என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உன் வீட்டுக்காரன் லாக்லன் கேட்டுக்கொண்டான். "சுரங்க வேலையிலேர்ந்து பன்னெண்டு நாள்ல வந்துடுவா. அதுக்குள்ள அவளை ஏன் பதற வைக்கணும்?" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். ஒரு நாள்கூட என்னால் தாங்க முடியவில்லை.

செப்டம்பரில் கம்பளி கத்தரிக்க வந்தவர்களுக்கு வாங்கிய இறைச்சி சமையலறை பிரிட்ஜை அடைத்துக்கொண்டது. லாக்லன் ஊசிப் பெட்டியைக் கொட்டகையில் இருக்கும் பீர் பிரிட்ஜுக்கு மாற்றினான். அதன் குமிழ் எப்போதும் கடைசி எண்ணில்தான் இருக்கும். பல் கூசாத பீரை நம் ஊரில் யார் குடிக்கிறார்கள்? நேற்று ஒரு பாட்டில் எடுக்கப் போனேன். ஊசிப் பெட்டி பின்சுவர் ஐஸில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸிடம் போனில் கேட்டேன். ஒருமுறை உறைந்த மருந்தை, இளகிய பிறகும் போடக் கூடாதாம். அங்கிருந்து எடுத்துப் போட்ட இரண்டு ஊசிகளையும் கணக்கில் வைக்காதீர்கள் என்றார். புது ஊசி செவ்வாய்க்கிழமைதான் வரும்.

சனிக்கிழமை வடகாற்றும் இடிமழையும் என்கிறார்கள். வயலோரத்து ரை புல் பூத்து நிற்கிறது. அதன் மகரந்தம் மழையில் பொடிந்து மூச்சோடு உள்ளே போகும் நாள் அது. மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு நாளில் பிரயனியின் உதடு நீலமானதும், ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேற்றே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார். சனிக்கிழமை டவுனிலேயே இருக்கச் சொன்னார். என் தங்கை வீட்டில் அறை தயார். ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம். பிரயனி மறுக்கிறாள். தானிய வண்டி ஓட்டுபவன் கையை முறித்துக்கொண்டு போய்விட்டான். மழைக்கு முன் பார்லியை எடுத்தாக வேண்டும். அந்த வண்டியை இழுக்கும் டிராக்டரைத் தானே ஓட்டப் போகிறாளாம். மூச்சில் விசில் கேட்கிறதே என்றேன். "விசில் அடிக்கிறது உங்க காது வாத்தியாரே. மெஷினைக் கழற்றித் துடைச்சு மாட்டுங்க," என்றாள். லாக்லன் சிரித்தான். அவனைத் திட்டாதே. மகள் சொல்வதை நம்பிவிட்டால் போதும் என்றிருக்கிறது அவனுக்கு.

நான்கு நாளாக அவள் உன்னோடு பேசாமல் செய்தி மட்டும் தட்டி அனுப்புகிறாளே, ஏன் என்று யோசித்தாயா? நேற்று காரில் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நிறுத்தினாள்.

நான் சொன்னால் கிழவனின் பயம் என்பார்கள். இன்று மாலை நீயே கூப்பிடு. லாக்லனைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவளை ஒரே மூச்சில் முப்பது வரை சத்தமாக எண்ணச் சொல்.

உங்கள் மூவரையும் எண்ணிக்கொண்டே இருக்கும்,
டெஸ்மண்ட்