ஒண்ணும் இல்லையே

பாய்,

இன்று காலை குர்தாவை இஸ்திரி போடும்போது, அக்குளில் நீங்கள் வைத்துத் தைத்த ஒட்டுத்துணி கண்ணில் பட்டது. நிறம் ஒரு சாயல் கூடுதல். அதையே போட்டுக்கொண்டு, அடையாறில் எங்கள் மருத்துவமனை நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போனேன்.

ரத்தக்கொதிப்புக்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் நீங்கள் சேர்ந்திருந்தீர்கள். வருகிறவர்களிடம் விசாரித்துப் படிவம் நிரப்புவது என் வேலை. மேற்கு மாம்பலத்துத் தையல் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவீர்கள். முதல் நாளே என் குர்தாவைப் பார்த்து, "இன்னாம்மா, யார் தச்சது? கைய தூக்குனா துணியே மேல வருது" என்றீர்கள். கொண்டுவரச் சொல்லி, வாங்கிப்போய், சரிசெய்து கொடுத்தீர்கள். அன்றுதான் சொன்னீர்கள்:

"போட்டுப் பாக்கறவங்களாண்ட நல்லாகீதான்னு கேக்கவே கூடாது. நல்லாகீதுன்னுதான் சொல்வாங்க. கைய தூக்கச் சொல்லணும்."

சிரித்தேன். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். படிவத்தைப் பார்த்தபடியே கேட்டேன்: "ஒண்ணும் பிரச்சனை இல்லையே, பாய்?"

"இல்லம்மா."

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

அப்போதே மூன்று வாரமாக உங்களுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் விழுந்து நீங்கள் போன பிறகு, வீட்டுக்கு வந்த என்னிடம் உங்கள் மனைவி சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு எதுக்குத் தொல்லைன்னு சொல்லாம வுட்டுட்டாரு." மருந்தால்தானா என்று இன்றும் யாருக்கும் தெரியாது. நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

விசாரணை நடந்தது. காரணம்: ஊழியருக்குப் பயிற்சி போதவில்லை. தீர்வு: மறுபடியும் பயிற்சி. நீங்கள் சேரும் முன் திரையில் நான் பார்த்த அதே பக்கங்கள்தாம், பாய். எந்த மையில் எழுதுவது, தப்பை எப்படி ஒற்றைக் கோடிட்டு அடிப்பது, எல்லாம் இருக்கிறது. ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது என்பது மட்டும் இல்லை. கடைசியில் பத்துக் கேள்விகள். போன முறையும் பத்துக்குப் பத்து, இந்த முறையும். உங்களைச் சேர்க்க ஒரு சான்றிதழ், நீங்கள் செத்ததற்கு ஒரு சான்றிதழ்.

இப்போதெல்லாம் வருகிறவர்களை எழுந்து கதவுவரை நடக்கச் சொல்கிறேன். நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தார்கள் என்று கேட்கிறேன். நேரமாகிறது என்று திட்டு விழுகிறது. உங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பயிற்சி தந்தவர் மடிக்கணினியை மூடிக்கொண்டே கேட்டார்: "யாருக்கும் சந்தேகம் இல்லையே?"

எல்லோரும் பையை எடுத்தார்கள். நான் கையைத் தூக்கினேன். குர்தா எங்கும் இழுத்துப் பிடிக்கவில்லை, பாய்.