நாய் ஓடிய வீடியோவும் டீச்சர் எழுந்த பகுதியும்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக நடுக்கடலில் இன்ஜின் ரூமுக்குள் எண்ணெய் நாற்றத்தோடு மிதந்துகொண்டிருக்கும் உனக்கும், அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு ஃபிரிட்ஜ் காலமாகிவிட்டது. ஊரார் ஃபிரிட்ஜுக்கெல்லாம் உயிர் கொடுக்கும் மெக்கானிக்கின் சொந்த வீட்டில் இந்தத் துயரம் நடந்திருக்கிறது. அப்பா தினமும் காலையில் அதன் கதவைத் திறந்து பார்த்து, "நாளைக்குப் பிரிச்சுப் பாத்துடலாம்" என்று இரங்கல் தெரிவித்துவிட்டு அடுத்த வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். நம் பால் பாக்கெட் மாடி வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. மற்றபடி அப்பா நலம், நான் அநியாயத்துக்கு நலம், அம்மா வலது மணிக்கட்டு நீங்கலாக நலம். நீ அங்கே எல்லாப் பாகமும் நலமாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா.

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே. கடிதம் அம்மாவுடையது, கை மட்டும் என்னுடையது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் என் சரக்கையும் ஏற்றிவிடுகிறேன், சரக்குக் கப்பலில் இருப்பவளுக்குச் சரக்கு புதிதா என்ன. போனில் சொல்லலாம் என்றால் உன் போன் கரையைப் பார்த்தே மாசக்கணக்காகிறது, அதனால்தான் உன் கம்பெனி ஆபீஸிலிருந்து கப்பலுக்குப் போகும் பையில் இது வருகிறது. மணிக்கட்டைப் பற்றி எழுதவே கூடாது என்றாள் அம்மா. "அவ அங்கிருந்து நீந்தியே வந்துடுவாடா" என்றாள். நான்தான், எழுத்தைப் பார்த்ததுமே அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று வாதாடி அனுமதி வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டு கேலரிப் படியில் அம்மா பின்பக்கமாக இறங்கினாள், விழுந்தாள், எலும்பில் சின்ன விரிசல். கட்டுப் போட்டாயிற்று, வலி குறைந்துவிட்டது, இடது கையால் என் காதைத் திருகப் பழகிக்கொண்டுவிட்டாள். பின்பக்கமாக ஏன் இறங்கினாள் என்றுதானே கேட்கிறாய், அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதமும்.

நீ போகும்போது என்னை நம்பி இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனாய். ஒன்று உன் சைக்கிள், இன்னொன்று போனில் நீ நடத்திய "கோல் போஸ்ட்" பேஜ். சைக்கிளைப் பற்றி இப்போது பேச வேண்டாம். பேஜுக்கு வருகிறேன். நம் பெண்கள் ஃபுட்பால் டீமுக்காக நீ ஆரம்பித்தது, லெஃப்ட் பேக் ஆடி முடித்து வியர்வை காயாமல் கிரவுண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து அதில் ஸ்கோர் போடுவாய், ஜெயித்தாலும் போடுவாய், தோற்றாலும் போடுவாய். முன்னூறு பேர் பார்த்தார்கள், அதில் பாதி நம் சொந்தக்காரர்கள், மீதிப் பாதி அதே சொந்தக்காரர்களின் இன்னொரு நம்பர். சீசன் முடிவதற்குள் கேலரி பாதியாவது நிறையாவிட்டால் ஞாயிறு சாயங்காலத்தைக் கிரிக்கெட் கோச்சிங்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று கிரவுண்டு மேனேஜர் சொல்லியிருந்தது உனக்கு மறந்திருக்காது. பேங்க் அக்கா, மருந்துக்கடை அக்கா, நர்சரி டீச்சர், யாருக்கும் ஞாயிறு விட்டால் வேறு கிழமை கிடையாது. ஞாயிறு போனால் டீமும் போச்சு. "நான் திரும்பி வரும்போது ஆடுறதுக்கு ஒரு டீம் இருக்கணும்டா வாலு" என்றுதான் கடைசியாகச் சொன்னாய். சொன்னபோது நீ சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்காமல் தலையாட்டினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொள். உன் முன்னூறை நான் நாற்பதாயிரமாக்கினேன். ஆமாம், பூஜ்யமெல்லாம் சரியாகத்தான் எண்ணினேன். நீ கிளம்பிய மறு வாரமே ஆட்டத்துக்கு நடுவில் ஒரு நாய் உள்ளே புகுந்து கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதைத் துரத்தின நர்சரி டீச்சர் சேற்றில் வழுக்கி, முழு ஆளாக, முகம் குப்புற, ஒரு படகு கரையேறுகிற மாதிரி சறுக்கிப்போய் நின்றார். நான் அதற்கு ஒரு தபேலா சத்தம் சேர்த்து, "இந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர், நான்கு கால்" என்று எழுதிப் போட்டேன். ராத்திரி போட்டது, காலையில் பல் தேய்க்கும்போது பத்தாயிரம். பெயர் உச்சரிக்க வராத ஊர்க்காரர்களெல்லாம் சிரித்தார்கள். நான் தெருவில் நடந்தால் தரை தொடவில்லை. மேனேஜரிடம் போய், வருகிற ஞாயிறு கேலரி தாங்காது சார், கயிறு கட்டிவையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஞாயிறு கேலரியில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, பேங்க் அக்காவின் வீட்டுக்காரர், அவர் மடியில் தூங்கிய குழந்தை. நாய்கூட வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது. "நாங்க ஆடுறோம், நாய் பேர் வாங்குது" என்று மருந்துக்கடை அக்கா சொன்னது மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது, ஏனென்றால் மைதானத்தில் வேறு சத்தமே இல்லை.

அடுத்த வாரம் டீச்சர் ஆட வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. அம்மா என் காதைப் பிடித்து (அப்போது வலது கை) அவர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். டீச்சர் திட்டவில்லை அக்கா, டீ கொடுத்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர்கள் இவரைப் பார்த்ததும் போனை எடுத்துத் தங்களுக்குள் காட்டிக்கொள்கிறார்களாம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் விழுந்ததை நாப்பதாயிரம் பேர் பாத்தாங்க. எழுந்ததை ஏன் தம்பி வெட்டிட்டே?" எந்தக் கேள்விக்கும் வாயால் பதில் சொல்லிப் பேர் வாங்கியவன் நான், அன்றைக்குப் போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். உண்மைதான், என் போனில் மீதி வீடியோ இருந்தது. அவர் எழுந்து, கண்ணில் இருந்த சேற்றைத் துடைத்து, நாயிடம் கை நீட்டிக் கொடியைக் கேட்டு வாங்கி, அதை இருந்த இடத்திலேயே நட்டு, பந்தை வைத்து கார்னர் அடித்தார். அந்தப் பந்துதான் மருந்துக்கடை அக்கா தலைக்கு வந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. சிரிப்பு குறையும் என்று அதை நான் வெட்டியிருந்தேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். "வீடியோவே இதுதாண்டா, முன்னாடி இருக்கிறது வெறும் சேறு" என்றாள்.

அன்றைக்குப் பேஜ் நிர்வாகம் அம்மா கைக்குப் போனது, நான் தொழில்நுட்ப ஆலோசகரானேன். அம்மா போட்ட முதல் போஸ்ட் அந்த வெட்டின பகுதி, கீழே ஒரே வரி: "டீச்சர் எழுந்த பகுதி." நாலு ஹேஷ்டேக் போடலாம் என்றேன். அது என்ன என்று கேட்டாள், காட்டினேன். "வேலி போட்ட மாதிரி இருக்கு. எடுத்துடு, ஆளுங்க உள்ள வரட்டும்" என்றாள். டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் மிஸ் கார்னர் அடிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று வீட்டில் தரையில் புரண்டார்களாம், அடுத்த ஞாயிறு பிள்ளைகளும் வந்தார்கள், புரண்டதைச் சகிக்க முடியாத பெற்றோர்களும் வந்தார்கள். டீச்சரும் வந்தார். இதற்குப் பிறகு அம்மா செய்ததுதான் எந்த விளம்பர வகுப்பிலும் சொல்லித் தராதது. இடைவேளையில் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, கேலரியில் வரிசை வரிசையாகப் போய்ப் பார்க்க வந்தவர்களைப் படம் எடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு டிக்கெட் கவுண்டரில் அந்தச் சின்ன ஓட்டை வழியாக இத்தனை வருஷமாக ஊரார் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறாளாம், "மூஞ்சியையும் பாக்கலாமேன்னுதான்" என்றாள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. "மழை இல்லாத நாளில் குடை விரித்து, பின்வரிசையின் வசவையும் பொறுத்துக்கொண்டவர்." "ஆஃப்சைடு என்றால் என்ன என்று கணவருக்கு மூன்று முறை விளக்கியவர், கணவருக்கு இன்னும் புரியவில்லை." படத்தில் இருந்தவர்கள் அதைத் தம் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள், எங்கள் மூஞ்சிக்கு என்ன குறைச்சல் என்று அடுத்த வாரம் வந்தார்கள். ஆஃப்சைடு புரியாதவர் புரிந்துகொள்ளவே மறுபடி வந்தார்.

ஆட்டத்தைப் பற்றியும் அம்மா உன்னைப் போலவே மறைக்காமல் எழுதினாள். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்ற நாளில், "ஐந்து கோல் வாங்கினோம். ஐந்தாவதை நம் கோல்கீப்பர் விரல் நுனியால் தொட்டுவிட்டாள், அடுத்த வாரம் பிடிப்பாள்" என்று போட்டாள். கோல்கீப்பரான பேங்க் அக்கா பேங்கில் ஒரு ரூபாயை வெளியே விட மாட்டாள், கோலில் மட்டும்தான் தாராளம் என்று நான் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன், ஆலோசகர் பதவி ஊசலாடியது, விட்டுவிட்டேன். ஆனால் பேங்குக்கு வருகிறவர்கள் கவுண்டரில் நின்று, "இந்த வாரம் பிடிச்சிடுவீங்கல்ல மேடம்" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களும் வந்தார்கள். மருந்துக்கடை அக்காவின் பந்து வாரா வாரம் போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது, அம்மா வாரா வாரம் "அடுத்த வாரம் உள்ளே போகும்" என்று எழுதினாள். அது உள்ளே போகிற வரைக்கும் ஊருக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

போன ஞாயிறு கடைசி ஆட்டம். மேனேஜர் கையில் எண்ணும் கருவியோடு கேலரி ஓரத்தில் நின்றார். ஒரு கோல் வாங்கிவிட்டோம். முடிகிற நேரத்தில் கார்னர், டீச்சர் அடித்தார், மருந்துக்கடை அக்கா தலை கொடுத்தார், பந்து போஸ்ட்டில் பட்டது, உள்பக்கமாகப் பட்டது, உள்ளே போனது. அக்கா, நம் அப்பாவை உனக்குத் தெரியுமே, சந்தோஷம் வந்தால் சட்டைப் பட்டனைச் சரிபார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். அவர் பெஞ்சின்மேல் ஏறி நின்று விசிலடித்தார். அம்மா கேலரி முழுவதையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரப் பார்த்தாள், அடங்கவில்லை, ஒரு படி பின்னால் இறங்கினாள், அப்போதும் அடங்கவில்லை, இன்னொரு படி, இன்னும் ஒரு படி. இல்லாத படியிலும் கால் வைத்தாள். விழும்போதும் போனைத் தரையில் படவிடாமல் தூக்கிப் பிடித்து, விரல் அதுவாக அழுத்தியிருக்கிறது. அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கொஞ்சம் சாய்ந்திருக்கும். அத்தனை பேரும் எழுந்து நின்று, வாய் திறந்து, கையை நீட்டி அம்மாவைப் பார்க்கிறார்கள், முன்னால் எண்ணும் கருவியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருகிறவர்தான் மேனேஜர். ஆட்டோ வரும்வரை அம்மா தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "எண்ணிட்டீங்களா சார்" என்று அம்மா கேட்டாள். "எண்ணிக்கையை விடுங்கம்மா, ஞாயித்துக்கிழமை உங்களோடது" என்றார். ஆக, நீ வரும்போது ஆடுவதற்கு டீம் இருக்கிறது. லெஃப்ட் பேக்கில் இப்போது ஆடும் பெண் உன்னைவிட வேகம், இதையும் அம்மா மறைக்காமல் எழுதச் சொன்னாள்.

இனி அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். கண்ணு, இன்ஜின் பக்கத்தில் போகும்போது கூந்தலை இறுக்கி முடிந்துகொள், காதுக்கு அடைப்பான் போடாமல் உள்ளே போகாதே, தண்ணீர் குடி, சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்று குடிக்க மறந்துவிடாதே. இவன் எழுதியதில் பாதியைத் தள்ளுபடி செய்து படி. அப்பாவிடம் ஃபிரிட்ஜைப் பற்றி நீ ஒரு வரி எழுதினால்தான் நடக்கும். நீ நினைத்தது நடக்க வேண்டும், போகிற கடல் அமைதியாக இருக்க வேண்டும், உன்னோடு வேலை செய்கிற எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். உன் மூன்றாம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அளவு மாறியிருந்தால் சொல்.

அப்பாவின் ஆசிகளோடும், இடது கையால் போட்ட கோணல் கையெழுத்தோடும்,
உன் அம்மா

அம்மா மருந்து போட்டுக்கொள்ள எழுந்து போயிருக்கிறாள், அதற்குள் இதை எழுதி ஒட்டிவிடுகிறேன். நாற்பதாயிரம் என்று மேலே பீற்றிக்கொண்டேனே, அந்தப் பேஜ் இப்போது என்னிடம் இல்லை. டீச்சர் வீட்டிலிருந்து திரும்பும்போதே அம்மா அந்த நாய் வீடியோவை அழிக்கச் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. அம்மா போனை வாங்கி அழித்துவிடக் கூடாதே என்று அவசர அவசரமாக பாஸ்வேர்டை மாற்றினேன், யாராலும் கண்டுபிடிக்க முடியாததாக யோசித்துப் போட்டேன். யாராலும் என்பதில் நானும் அடக்கம் என்று மறுநாள்தான் தெரிந்தது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் திறப்பதற்கான ரகசிய நம்பர் உன் போனுக்குப் போகிறது, உன் போனோ கடலில் இருக்கிறது. புதிதாக இன்னொரு பேஜ் ஆரம்பித்தால்தான் எடுபடும் என்று அம்மாவிடம் அளந்தேன், அவளும் நம்பி ஒன்றுமில்லாததிலிருந்து ஆரம்பித்தாள். கேலரியை நிறைத்தது அம்மாவின் அந்தப் புதுப் பேஜ்தான், அதைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் முன்னூறைத் தாண்டவில்லை, ஆனால் முன்னூறு பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிறார்கள். என் நாற்பதாயிரம் பேர் இன்னும் டீச்சர் விழுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அதை நம்பி, போன ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் என் தலையைக் கலைத்துவிட்டுப் போனார். கரை வந்து சிக்னல் கிடைத்ததும் உன் போனில் நான் கேட்ட நம்பர்கள் மழையாகக் கொட்டும், திட்டாதே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி அழுத்துகிறேன், கடைசியாக வரும் நம்பரை மட்டும் உடனே எனக்கு அனுப்பு. முழுப் பேஜையும் அழித்துவிட்டு டீச்சரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளைப் பற்றி அப்புறம்.

வாலு