சம்பந்தி இன்னொரு தடவைதான் கூப்பிடுவார்

18.8.2004 புதன்

ஆவணி பிறந்தும் ஆடிக்காற்று போன பாடில்லை. பெட்ரோல் பங்க் முழுக்கக் கரிசல் தூசி. பறந்த தொப்பியைத் துரத்திக் கயத்தாறு ரோட்டில் ஓட்டம். பார்த்தவர்களுக்குச் செலவில்லாத சர்க்கஸ்.

ஒருவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பெட்ரோல் போட வந்தான். "தம்பி, பேசி முடிச்சிட்டு வாங்க." "ஏன் அண்ணாச்சி, இதுலேருந்து தீயா வருது?" முறைத்துவிட்டு அடுத்த பங்க்குக்குப் போய்விட்டான்.

வீட்டில் பேச்சியம்மாள் முகம் சரியில்லை. மகள் செல்வி எங்கள் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு அவளிடம் பேசியிருக்கிறாள். மத்தியானம் அவள் மாமனார் என்னைக் கூப்பிட்டாராம். அணைத்து வைத்திருப்பதாக வந்ததாம். "நாங்க வாங்கிக் குடுத்த போனை எங்களுக்கே அணைச்சு வைக்காராக்கும்" என்றாராம். போன், மாப்பிள்ளை கொடுத்தது.

வேலை நேரத்தில் போனை அணைத்து முதலாளி மேசையில் வைப்பது பங்க் சட்டம். அதைச் சொன்னேன். "பிள்ளையை விட உங்களுக்கு பங்க் பெரிசா?"  சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

19.8 வியாழன்

வெயில். செல்விக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கப் போகிறது. வளைகாப்புப் போட்டு முதல் பேறுக்கு இங்கே கூட்டி வர நாள் கேட்டிருந்தோம். சம்பந்திதான் சொல்ல வேண்டும். பெண்களிடம் சொல்ல மாட்டார். ஆம்பளைக்கு ஆம்பளை சொல்வதுதான் அவிய வீட்டு முறை. நான் திரும்பக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். அதுவும் முறையாம்.

சாயங்காலம் மாப்பிள்ளை பேசினார். பாவம், குரலே எழும்பவில்லை. "அப்பாகிட்ட கெஞ்சியிருக்கேன் மாமா. நாளைக்கு இன்னொரு தடவை கூப்பிடுவாவ. அவ்வளவுதான். எடுத்துருங்க."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "அதை எப்படி மாமா அவியகிட்ட கேக்க?"

20.8 வெள்ளி

போனை மேசையில் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்? மறக்கவில்லை. சட்டைப் பையில், சத்தத்தைக் குறைத்து. குறைத்ததாக எண்ணம். என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அந்தப் பொத்தான்கள் அதிகம்.

பெட்ரோல் டேங்கர் வந்தது. குழாய் மாட்டி, தரைக்கு அடியிலுள்ள தொட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்நேரம் வாடை கண்ணை எரிக்கும். பக்கத்தில் ஒரு வண்டியைக்கூட ஸ்டார்ட் பண்ண விடமாட்டோம். காவல் நான். காவல்காரன் பையிலிருந்து பாட்டு.

கை தானாகப் பைக்குப் போனது. டிரைவர் கத்தினார்: "யோவ் அண்ணாச்சி, அதைத் தொடாதேயும்! அப்படியே வெளிய ஓடும்!" அவர் வால்வை அடைக்க, நான் ஓடினேன். நெஞ்சில் பாட்டு. முதுகில் வசவு. ரோட்டைத் தாண்டினேன். பாட்டு நின்றுவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

டிரைவர் பின்னாலேயே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "உமக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்காவல்லா? எனக்கும் இருக்காவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடித்திருக்கலாம்.

21.8 சனி

முதலாளி சின்னப் பையன், என் மாப்பிள்ளை வயது. "செல்போன் கூடாதுன்னு அந்த போர்டை மாட்டினதே நீங்கதான அண்ணாச்சி?" ஆமாம், நான்தான். ஏணி ஆடியதுகூட ஞாபகம்.

வேலை போகவில்லை. பம்புப் பக்கம் இனி வரக்கூடாது. டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு மாற்றம். பெட்ரோலிலிருந்து காற்றுக்கு வந்தாயிற்று. அடுத்தது என்னவோ.

பேச்சியிடம் நாளை நேரில் போய்க் கேட்டு வருகிறேன் என்றேன். பழம், சேவு, மல்லிகைப்பூ வாங்க வேண்டும்.

22.8 ஞாயிறு

ஓட்டப்பிடாரம், சம்பந்தி வீடு. பஸ்ஸில் நின்றபடி.

சம்பந்தி எழுந்திருக்கவில்லை. "போன்ல கிடைக்காத மனுசன் நேர்ல வந்திருக்காவ. காப்பி குடுங்க."

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "எங்க ஊர் பங்க்ல எல்லாவனும்தான் பேசுதான். ஒருத்தனும் எரியலையே." மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வி காப்பி கொண்டு வந்தாள். வயிறு இறங்கியிருக்கிறது. கால் வீக்கம். டம்ளரை நீட்டும்போது மெதுவாக, "அப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" இந்த ரெண்டு நாளில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "முதல் பேறு தாய் வீட்டுலதான். முறை எனக்கும் தெரியும். ஆனா பகல்ல பிள்ளைக்கு வலி கண்டா, உங்க வீட்டு அம்மா யாரைக் கூப்பிடுவாவ? அணைச்சு வச்ச போனையா? அதனால இங்கனயே ஆகட்டும். வளையல் மட்டும் வந்து போடுங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில போன் போடுதோம். எடுப்பீயளா?"

"எடுப்பேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பேச்சி உள்ளறையை ஒழித்து, கட்டிலைச் சுவரோரம் திருப்பிப் போட்டிருந்தாள். சுக்கு, திப்பிலி எல்லாம் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"என்னைக்கு நாள் சொன்னாவ?"

கால் கழுவிட்டு வாரேன் என்று கொல்லைக்கு வந்துவிட்டேன்.