மார்கழியில் எடுத்த கார்

கார்த்திகை 25, திங்கள்

விடியலிலிருந்து மழை. குளம் நிரம்பி வான் பாய்கிறது. வரம்பை வெட்டி வயல் தண்ணீரை வடியவிட்டேன். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். வேப்பெண்ணெய்.

பத்து மணி பஸ்ஸில் வவுனியா. காரியம்: கார் வாங்குவது.

எங்கள் ஊர் கனகராயன்குளம் முழுக்க ஒரே கேள்வி, கிழவனுக்கு ஏன் கார் என்று. அவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவனுக்கு, இரண்டாம் கலியாணம். இன்னொருவனுக்கு, எலக்சன் கேட்கப் போகிறேன். உண்மை இங்கே மட்டும்.

போன மாதம் மனிசியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பஸ் படியில் அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. கொண்டக்டர் சொன்னான்: "எணை ஆச்சி, ஏறுறதெண்டால் ஏறு, இறங்கிறதெண்டால் இறங்கு. நடுவிலை நிண்டு என்ன தவமே செய்யிறாய்?" பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பகிடி விடுகிறவனுக்கு நல்ல பகிடி கேட்டால் சிரிப்பு வந்துவிடுகிறது. வாய் ஓயாதவள், வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் தடவினாள்.

மரம் ஏற்றுகிற லொறியில் எனக்கிருந்த பாதிப் பங்கை விற்றேன். அவளுக்குச் சொன்னது: இனி நீ பஸ் படி மிதிக்கமாட்டாய்.

கார்க் கடை. முதலாளி (இனி மு.) முப்பத்தைந்து வயது, தலையில் எண்ணெய், சட்டைப்பையில் இரண்டு பேனை. என் சேற்றுக் காலைத்தான் முதலில் பார்த்தான்.

"உழவு மெசின் சாமான் பக்கத்துக் கடை, பெரியவர்."

"உழவு மெசினிலை மனிசியை ஏத்தினால் விழுந்திடுவாள், தம்பி. கார்தான் வேணும்."

கடைக்குள் ஒரே ஒரு கார். பச்சை. விலை பலகையில் எழுதித் தொங்குகிறது. அந்த விலைக்கு என்னிடம் காசு இருக்கிறது. ஆனால் மு. பலகையைப் பார்க்கவில்லை, முகட்டைப் பார்த்தான்.

"சீமைக் கப்பல் வாற கால்வாய் பூட்டிக் கிடக்கு. கப்பலெல்லாம் ஆபிரிக்காவைச் சுத்தி வருது. வண்டி இல்லை, ஐயா. பலகை விலைக்கு மேலாலை ஆயிரத்தைந்நூறு. அதுக்குப் பில்லுத் துண்டு தரமாட்டம். ரேடியோவும் சீற் உறையும் எங்களிட்டையே எடுக்கவேணும்."

"ரேடியோ பாடுமோ, இல்லாட்டிப் பாடுறதுக்கும் மேலாலை குடுக்கவேணுமோ?"

"உங்களுக்கு முன்னாலை பதினொரு பேர் பேர் தந்திருக்கினம்."

"அப்ப நான் பன்னிரண்டாவது ஆள். இருந்து பாக்கலாமோ?"

இருந்து பார்த்தேன். ஹோனும் அடித்துப் பார்த்தேன். மூன்று தரம். மு. ஓடி வந்தான். "ஐயோ, அதை அமத்தாதேங்கோ!" யுத்தக் காலத்தில் லொறி ஓட்டினவன் நான். ஹோன் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா?

மேல்காசு ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். வரும்போது பஸ்ஸில் அதே கொண்டக்டர். சில்லறை இல்லையாம்.

கார்த்திகை 27, புதன்

மழை விட்டு விட்டு. மாட்டுக்கு வைத்த வைக்கோல் நனைந்து நாற்றம்.

திரும்பவும் கடை. இன்று கால் கழுவிக்கொண்டு போனேன். மு. முகத்தில் மாற்றமில்லை. மேசையில் பதினொரு பேரின் கொப்பி விரித்தபடி இருந்தது. நான் எதிர்க் கதிரையில். நான் நாலாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு புத்தகம், இரண்டு பிள்ளைகள். அண்ணன் நேரே இருந்து படிப்பான், நான் எதிரே இருந்து படிப்பேன். தலைகீழ் எழுத்துத்தான் எனக்கு இன்றைக்கும் சுகம்.

ஒரு டொக்குத்தர். வழக்குப் பேசுகிற புறக்டர் ஒருவர். றோட்டுக் கொந்தராத்துக்காரர் ஒருவர். செட்டிகுளத்துத் தலைமை வாத்தியார். எல்லாப் பேருக்கும் எதிரே ஒரே சொல்: தை. தை 2, தை 5, தை 9.

பார்த்ததும் விளங்கிவிட்டது. கார்த்திகை முடிய இருக்கிற மூன்று நாளைக்குள் காசு கட்டி எடுக்க அவர்களுக்கு ஏலாது. பிறகு மார்கழி. மார்கழியில் கலியாணம் இல்லை, புது வீடு குடிபூரல் இல்லை, புது வண்டி எவன் எடுப்பான்? பதினொரு பேரும் தை பிறக்கட்டும் என்று இருக்கிறார்கள். அதுவரை பச்சைக் கார் கடைக்குள் தூசு குடிக்கும். மு. அதற்குக் கொழும்புக்கு வட்டி கட்டுவான்.

மார்கழியில் போய்க் கேட்டால்? பலகை விலைக்குத் தருவான். கும்பிட்டுத் தருவான்.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டியை வைத்தாள்.

"மார்கழியிலை வாற காரிலை நான் காலும் வையன்."

"உன்ரை கால்தான் மடங்காதே. எப்பிடி வைப்பாய்?"

"மடங்காத காலோடை நடந்து போவன். கார்த்திகை முடிய இன்னும் மூண்டு நாள் கிடக்கு. அவன் கேட்டதைக் குடுத்துப்போட்டு எடுங்கோ. காசென்ன, வெட்டிப் புதைக்கவே போறியள்?"

"குடுக்கமாட்டன்."

"அப்ப ஆருக்குக் கார்? எனக்கோ, உங்கடை வாய்க்கோ?"

மாட்டைக் கட்டப் போனேன். மாடு ஏற்கெனவே கட்டியிருந்தது.

கார்த்திகை 30, சனி

கடைசி நாள். மழை இல்லை. போகாததற்கு மழையைச் சாட்டவும் வழியில்லை.

பெட்டியைத் திறந்தேன். மேல்காசு கொடுக்கவும் காசு இருக்கிறது. இரண்டு தரம் வேட்டி மாற்றினேன், இரண்டு தரமும் அவிழ்த்துப் பழையதைக் கட்டினேன். பத்து மணி பஸ் போனது. இரண்டு மணி பஸ்ஸும் போனது.

குரக்கன் பிட்டு, கட்டைச் சம்பல். சம்பலில் உறைப்பு இரண்டு பங்கு. அவளுக்குப் பதிலாகச் சம்பல் கதைத்தது.

கொடுத்தால் மு. என் காலைப் பார்த்துச் சொன்னதெல்லாம் சரியென்று ஆகிவிடும். கொண்டக்டர் சொன்னதும் சரியென்று ஆகிவிடும். இப்படித்தான் நினைக்கிறேன். அவள் வேறு மாதிரி நினைக்கிறாள்.

மார்கழி 2, திங்கள்

குளிர். பனி வயலுக்கு மேலே புகை மாதிரி.

கடைக்குள் ஈ பறக்கிறது. மு. எழுந்து கதிரை தந்தான். தேத்தண்ணி வந்தது, பால் விட்டு! மேல்காசு ஆயிரமாகியது. தேத்தண்ணி பாதி குடிப்பதற்குள் எழுநூறு. ரேடியோ வேண்டாமென்றால் விடலாமாம்.

"இன்னும் கொஞ்சம் குடிச்சால் பலகை விலைக்கு வந்திடுவியள் போலை கிடக்கு" என்றேன். மு.வும் சிரித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லொறி. இறங்கியவர் முல்லைத்தீவுச் சூசைச் சம்மாட்டி. வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்துப் பத்து முப்பது பேரைத் தொழிலுக்கு விடுகிற ஆள். கழுத்தில் சிலுவை, சட்டையில் கருவாட்டு வாசம்.

"நத்தாருக்கு முதல் ஒரு கார் வேணும், முதலாளி."

மார்கழி எல்லாருக்கும் மார்கழி என்றல்லவா கணக்குப் போட்டேன்! வேதக்காரருக்கு இது பாலன் பிறக்கிற மாதம். அறுபத்துநாலு வயதில் இப்படி ஒரு மொக்கன்.

மு. முகத்தில் சூரியன் எறித்தது. என் தேத்தண்ணிக் கோப்பையை மிச்சத்தோடு எடுத்துப் போனான். மேல்காசு எழுநூறிலிருந்து ஒரே பாய்ச்சலில் இரண்டாயிரம்.

வீட்டில் சொன்னேன். மனிசி ஐந்து நாளைக்குப் பிறகு சிரித்தாள். நல்லாய்ச் சிரித்தாள். அடுப்பூதும் குழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மார்கழி 4, புதன்

வவுனியா. கார்க் கடைக்குப் போகவில்லை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். சம்மாட்டியின் லொறி அங்கே நின்றது. சம்மாட்டிக்கு எதிரே போய் இருந்தேன்; கடையில் இருந்த என்னை அவர் கவனித்திருக்கவில்லை.

"அண்ணை, ஆரோ ஒரு வெள்ளாமைக்காரன் அந்தக் காருக்கு மேலாலை ரெண்டாயிரம் தாறன் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறானாம்" என்றார் சம்மாட்டி. "முதலாளி சொன்னவர். ஆர் அந்த விசரன், உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். உமக்கு முன்னாலைதான் இருக்கிறான். அவன் ஒரு சதமும் தாறன் எண்டு சொல்லேல்லை."

சம்மாட்டி வடையை வாயருகே பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் அடித்தார் ஓர் அடி. தேத்தண்ணி ஊற்றுகிறவன் திரும்பிப் பார்த்தான்.

"ஒரே ஒரு கார்தான் கிடக்கெண்டு முதலாளி எனக்குச் சொன்னவன், அண்ணை. நான் கை கழுவப் பின்னுக்குக் கிணத்தடிக்குப் போனனான். கொட்டிலுக்கை தென்னங்கிடுகாலை மூடி என்னமோ நிக்குது. கீழாலை நாலு புது ரயர்!"

"ரெண்டு கார், ரெண்டு பேர். அப்ப ஆரோடை ஆர் போட்டி?"

"நத்தார்ப் பூசைக்குக் குடும்பத்தைக் காரிலை கொண்டுபோய்க் கோயில் வாசலிலை இறக்கிறன் எண்டு எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டன். இல்லாட்டி எனக்கென்ன அவசரம்?"

"எனக்கு மனிசியின்ரை முழங்கால்."

வெள்ளிக்கிழமை இருவரும் ஒன்றாகப் போவது என்று பேச்சு. சம்மாட்டி ஒரு கட்டுப் பாரைக் கருவாடு தந்தார். மார்கழியில் எங்கள் வீட்டில் மீன் மச்சம் இல்லை. கிணற்றடி மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பூனை விரதத்தை விட்டுவிட்டது.

மார்கழி 6, வெள்ளி

தூறல். கார்க் கடை, பத்தே முக்கால். இருவரும் உள்ளே போனோம். மு. எழுந்தான். யாருக்கு முதலில் சிரிப்பதென்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவே பார்த்துச் சிரித்தான்.

"கால் சேறு, தம்பி. கழுவிக்கொண்டு வாறன்" என்று நான் நேரே பின்பக்கம். மு. பின்னாலே ஓடி வந்தான். கிடுகைத் தூக்கினேன். கறுப்புக் கார். அழகென்றால் அழகு.

"அது... அது வேறை ஆளின்ரை, ஐயா."

"எந்த மாதத்து ஆள்?"

"தை..."

"தைக்கு வேறை கப்பல் வரும். ஆபிரிக்காவைச் சுத்தித்தானே, வரட்டும்."

சம்மாட்டி மேசையில் தன் காசுக்கட்டை வைத்தார். நானும் என் பையை வைத்தேன். "ரெண்டு காருக்கும் பலகை விலை, முதலாளி. இப்ப துண்டு எழுதினால் ரெண்டும் போகும். இல்லாட்டி யாழ்ப்பாணத்து பஸ் வெளியிலை நிக்குது. மார்கழி முழுக்க நீங்களும் காரும் முகம் பாத்துக்கொண்டு இருங்கோ" என்றார் சம்மாட்டி.

மு. காசைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"சரி. பன்னிரண்டுக்குப் பிறகு எழுதுவமே? இப்ப ராகு காலம்."

மேல்காசு கேட்க நேரம் பார்க்காதவன், துண்டு எழுத நேரம் பார்க்கிறான்! "பன்னிரண்டுக்கு எங்களுக்குப் பசிக்கும். இப்ப எழுதும்" என்றேன். சாமிப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுதினான். ரேடியோ இல்லை, உறை இல்லை. பச்சை எனக்கு, கறுப்பு சம்மாட்டிக்கு.

கையொப்பம் போடும்போது மு. மெல்லக் கேட்டான். நக்கலாக இல்லை, உண்மையாகவே கேட்டான்.

"மார்கழியிலை, அதுவும் ராகு காலத்திலை எடுக்கிறியள். வீட்டிலை ஒண்டும் சொல்லமாட்டினமோ, பெரியவர்?"

பேரில் ஓர் எழுத்துப் பிழைத்துவிட்டது. வெட்டித் திரும்ப எழுதினேன்.

வரும் வழியில் ஓமந்தையில் நம்முடைய பஸ்ஸை முந்தினேன். ஹோன் அடிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

மார்கழி 7, சனி

கார் விளாமரத்துக்குக் கீழே. அயல் சனம் எல்லாம் வந்து பார்த்துவிட்டது. ஒருத்தி தடவிப் பார்த்தாள். மனிசி குசினி யன்னலால் மட்டும் பார்த்தாள்.

"நல்ல கார்" என்றாள். "தை பிறக்கும் மட்டும் நல்லா நிக்கட்டும்."

நான் காருக்குள் போய் இருந்து, சாப்பாட்டை இங்கே கொண்டு வா என்றேன்.

"இப்ப கார்தானே உங்களுக்கு மனிசி. அதிட்டைக் கேளுங்கோ."

பட்டினி. இரண்டு மணிக்கு இறங்கினேன்.

மார்கழி 13, வெள்ளி

அவளுக்கு மருந்து முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனாள். தனியே. நான் வாசலில் காரை ஸ்ராட் செய்து வைத்திருந்தேன், பக்கத்தால் நடந்து போனாள். அவள் வருமட்டும் ஒரு வேலையும் ஓடவில்லை. மு.வை வென்றேன், சரி. பஸ் படியை வெல்லவில்லை.

வந்தவளிடம் கொண்டக்டர் ஏதும் சொன்னானா என்று கேட்டேன்.

"கை பிடிச்சு ஏத்திவிட்டவன். 'ஆச்சி, வீட்டிலை கார் நிக்க ஏனணை இந்தப் பாடு' எண்டு கேட்டவன்."

"நீ என்ன சொன்னனீ?"

"காருக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு சொன்னனான்."

மார்கழி 21, சனி

திருவெம்பாவை தொடக்கம். விடிய நாலரைக்குப் பிள்ளையார் கோவிலில் பூசை. அரை மைல் தூரம், சேறும் பள்ளமும். எனக்கும் விழிப்பு வந்துவிட்டது. கிணற்றில் குளித்தேன். பல் கிட்டியது.

அவள் தாம்பாளத்தில் பூவும் பாற்செம்பும் வைத்துத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடந்தாள். நான் காரை எடுத்துப் பின்னாலேயே விட்டேன். நடைக்கு நடை.

"ஏன் பின்னாலை வாறியள்?"

"றோட்டு உன்ரையோ?"

கொஞ்சத் தூரம் போனோம்.

"லைற்றைக் குறையுங்கோ. கண் கூசுது."

குறைத்தேன்.

"குறைக்காதேங்கோ! பள்ளம் தெரியேல்லை."

கூட்டினேன். மதகடியில் தண்ணீர் றோட்டுக்கு மேலால் ஓடியது. அவள் நின்றாள். சீலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும், மதகுக் கட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். தாம்பாளத்துக்கு மூன்றாவது கை இல்லை. திரும்பிக் காரடிக்கு வந்தாள். எட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

"குளிச்சனீங்களே?"

"குளிச்சனான்."

முன் சீற்றில் தாம்பாளத்தை வைத்தாள். ஆட்டிப் பார்த்தாள், நிற்குமா என்று.

"மார்கழி சாமிக்கு நல்ல மாதம்தான். சாமியின்ரை சாமான் ஏறலாம்" என்றாள். "மெல்ல வாங்கோ, பால் சிந்தும்."

கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். லைற் வெளிச்சத்தில் அவள் முன்னே, பக்கத்தில் தாம்பாளம், நான் முதல் கியரில். கோவில் வரைக்கும் இப்படியே.