நீ ஆடாத ஆட்டம்

அம்மா,

இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், என் மகள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாதுத்தனம்தான் எனக்குச் சந்தேகம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய், டிவிக்குக் கீழே இருக்கும் அவளுடைய கேம் பெட்டியின் மேல் கையை வைத்தேன். நன்றாகச் சுட்டது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன்னிடம் சொல்லாமலே வைத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நம்முடைய முதல் கேம் பெட்டி எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பொன்னேரியில் நீ மீன் கொடுக்கிற வீட்டில் பையன் காலேஜுக்குப் போகிறான் என்று கழித்துப் போட்டதை, மடவை மீன் விற்றுத் தீர்ந்த கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்தாய். சாம்பல் நிறப் பெட்டி, வயர் நீண்ட இரண்டு ரிமோட், மஞ்சள் கேசட் ஒன்று. சோப்பு போட்டுத் துடைத்தோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம், மீன் வாடை போகவே இல்லை. பெட்டி சூடேறினால் வாடை இன்னும் தூக்கலாக வரும்.

எனக்காகக் கொண்டுவந்தாய் என்று பேர். ஒரே வாரத்தில் என்னைவிட நீதான் பைத்தியமானாய். அந்தப் பீரங்கி வண்டி ஆட்டத்தில் இருவரும் சேர்ந்து ஒரு கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். நான் திரை முழுக்கச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருப்பேன். நீ கோட்டை வாசலை விட்டு ஓர் அடி நகரமாட்டாய். "நீ சுத்திக்கினு வாடி, நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். எவன் வர்றான்னு பாக்கறேன்" என்பாய். உன்னை வைத்துக்கொண்டு ஜெயிப்பது கஷ்டம், ஆனால் கோட்டை விழுந்ததே இல்லை.

நைனாவுக்கும் இதில் ஆட்சேபணை இல்லை. கரண்டு போனால்கூட ஆடலாம் என்று, தன் படகு பேட்டரியில் ஓடுகிற மாதிரி அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளை டிவிக்கும் பெட்டிக்கும் கடைக்காரரிடம் வயர் போட்டு வாங்கிவந்தவரே அவர்தான். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். கடலுக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் பேட்டரியைத் தொடக் கூடாது. வயர்லெஸ், ஜிபிஎஸ் இரண்டுக்கும் அதுதான் உயிர்.

அந்தப் புயல் வந்து நான்கு நாள் படகு எதுவும் போகவில்லை. ஊரில் கரண்டும் இல்லை. ஐந்தாம் நாள் நைனாவின் படகில் ஆளாக இருந்த மணி அண்ணன் பேட்டரியைப் பழவேற்காட்டுக்குத் தூக்கிப் போய் முழுசாக சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து நம் வீட்டில் வைத்தார். "விடிஞ்சா கடலு. பத்திரமா வெச்சுக்க அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்ததும் நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். "அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது" என்றாய். சொன்னபடி அரை மணியில் வயரைக் கழற்றினாய். பிறகு ஐஸ் வாங்கப் போய்விட்டாய்.

இனிமேல்தான் உனக்கு நான் சொல்லாதது. நீ தெருமுனை திரும்பியதும் வயரை மறுபடி மாட்டினேன். உன் கோட்டையையும் சேர்த்து நானே காத்தேன். இரண்டு மணி நேரமா, மூன்று மணி நேரமா என்று தெரியவில்லை. திரையின் ஓரங்கள் சுருங்கி, படம் நடுவில் சின்னதாக நடுங்கியபோதுதான் பயந்து நிறுத்தினேன். பேட்டரியை அதே சாக்கில் அதே மாதிரி சுற்றி வைத்தேன். நீ வந்தாய். ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி டிவியின் தலையில் கையை ஊன்றி நின்றாய். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். "சாப்ட்டியாடி?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

மறுநாள் விடியற்காலையில், கடல் ஏறி நின்ற நல்ல வெள்ளத்தில் படகுகள் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டன. பத்து மணிக்குள் ஏற்றம் இறங்கி நீர் வற்றியது. முதலில் திரும்பிய படகு வழக்கமான வழியில் நுழைந்து மணலில் மோதி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. புயல் மணலை அள்ளிவந்து பழைய வழியை மூடியிருக்கிறது. அவர்கள் எப்படியோ தள்ளிக் கரை சேர்ந்து, தங்கள் படகு வயர்லெஸ்ஸில் மற்ற படகுகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "பழைய வழி வேணாம். வடக்கால வாங்க, வடக்கால."

ஒவ்வொரு படகாகப் பதில் வந்தது. கரையில் நின்ற நாமெல்லாம் விரல் விட்டு எண்ணினோம். நைனா படகு மட்டும் பேசவில்லை. "இன்னாடா இது, மூணு பேர் போனாங்களே, ஒருத்தன்கூடவா எடுக்கல?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கு உன் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

பிறகு படகு தெரிந்தது. பின்னால் எழும்பி வரும் அலையோடு, நேராகப் பழைய வழியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. புயலுக்கு அப்புறம் எல்லா இடத்திலும் அலை வெள்ளையாகத்தான் உடைந்தது. எது வழி, எது மணல் என்று அங்கிருந்து அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஆண்கள் துண்டை வீசினார்கள், கத்தினார்கள். இன்ஜின் சத்தத்தில் எது கேட்கும்?

நீ கத்தவில்லை. தண்ணீரில் இறங்கி நடந்தாய். முதலில் முழங்கால், அப்புறம் தொடை. "யம்மா, இன்னா பண்ற நீ, வா இந்தாண்ட" என்று அலறினார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகு வந்துகொண்டிருந்த வழியின் நட்டநடுவில் போய் நின்றுவிட்டாய். தண்ணீர் உன் இடுப்பு வரைதான் இருந்தது. அலை வந்து உன்னை மறைத்தது. எழுந்தாய். இன்னொன்று வந்தது. எழுந்தாய். நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. நான் மண்ணில் உட்கார்ந்து, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் காதிலும் விழவில்லை.

படகு போக வேண்டிய ஆழத்தில் ஒரு பொம்பளை இடுப்பளவில் நிற்கிறாள் என்றால் அங்கே ஆழம் இல்லை என்று நைனாவுக்குப் புரிந்தது. உனக்கும் படகுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து பாகம் தூரம் இருக்கும்போது படகு வடக்கே திரும்பியது. அடிப்பக்கம் மணலில் உரசுகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. உள்ளே வந்துவிட்டது.

மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பேட்டரி மணி அண்ணன் பொறுப்பு. பாதி சார்ஜில் தூக்கி வந்துவிட்டு முழுசு என்று பொய் சொல்கிறான், இவனை இனி எந்தப் படகிலும் ஏற்றக் கூடாது என்று பேச்சு வந்தது. மணி அண்ணன் தலை குனிந்து நின்றார். நான் உன் பின்னால் நின்று உன் முந்தானை நுனியைப் பிடித்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

நீ முன்னால் போனாய். "அவன் மேல தப்பு இல்ல. நான்தான் டிவில கேம் ஆடினேன். அதுலதான் பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றாய். ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் யாரோ சிரித்தார்கள், கூட்டமே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. மூன்று மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அன்றிலிருந்து நீ கேம்காரி. அக்கரைக்குப் போகிற லாஞ்சில், மீன் இறக்குகிற இடத்தில், பொன்னேரி பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் "இன்னா கேம்காரி, இன்னிக்கு ஆட்டம் இல்லியா?" என்பார்கள். "ஆடியாச்சு, ஆடியாச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாய். கடைசியாக உன்னைத் தூக்கிப்போன அன்றுகூட, "பாவம் கேம்காரி, போய்ட்டா" என்று ஒருவர் அழுததைக் கேட்டேன்.

உன்னுடைய அந்த அரை மணி நேரம்தான் பேட்டரியைத் தின்றது என்று நீ நம்பினாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பே என்னை அரித்தது. இன்று சாயங்காலம் வரைக்கும்.

நீ ஐஸ் வாங்கி வந்தபோது, நீ ஆடி முடித்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும். டிவி ஆறிப்போயிருக்க வேண்டும். அது சுட்டது, அம்மா. வீடு முழுக்க அந்த மீன் வாடையும் இருந்திருக்கும். காலம் முழுக்க மீன் விற்றவளுக்கு எது கூடையின் வாடை, எது பெட்டியின் வாடை என்று தெரியாதா? பிள்ளை இன்னும் ஓர் ஆட்டம் ஆடியிருக்கும், போகட்டும் என்று நினைத்திருப்பாய். இன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடிகிறது. மறுநாள் நைனா படகு மட்டும் பேசாதபோது, நீயும் என்னைப் போலவே பயந்திருப்பாய். தண்ணீரில் இறங்கியதும் கூட்டத்தில் பழியை ஏற்றதும் எனக்காக மட்டும் இல்லை. தொட்டுப் பார்த்தும் கேட்காமல் விட்டாயே, அதற்கும் சேர்த்துத்தான். ஆனாலும் ஒருநாள்கூட என்னைக் கேட்கவில்லை. நான் வந்து சொல்வேன் என்று காத்திருந்தாயோ என்னவோ. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மகளைக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் ஆடினாள் என்று கேட்டேன். அரை மணி நேரம் என்றாள். கேம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, ஸ்கூல் விட்டு வந்ததிலிருந்து என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறேன். நைனா வலை பின்னிக்கொண்டிருப்பார், மணி அண்ணன் பக்கத்தில் இருப்பார். இரண்டு பேரிடமும் சொல்லப்போகிறேன். இனிமேல் ஊரில் யாராவது கேம்காரி என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.