பூசையில் ஒரு பிசிறு நூல்

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெசிந்தா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

ஞாயிறு பூசைக்குப் போனாயா என்றுதானே முதலில் கேட்பீர்கள்? போனேன். ஏற்றுமதி அவசரம், பனியன் கம்பெனியில் லீவு இல்லை. சூப்பர்வைசர் தரணியக்காவிடம் கெஞ்சியதில், "ஒரு மணி நேரந்தான் கண்ணு, ஓடிப்போயிட்டு வந்துரு" என்றார். தைத்த துணியில் பிசிறு பார்க்கும் செக்கிங் டேபிளிலிருந்து அப்படியே ஓடினேன். நூல் வெட்டும் டிரிம்மர் கழுத்திலேயே தொங்கியதைக் கவனிக்கவில்லை.

மாதா கோவிலில் முழங்காலிட்டேன். முன்னால் இருந்த பெண்ணின் ரவிக்கைத் தையலில் ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்தினார், எல்லோரும் தலைகுனிந்தார்கள். என் கை தானாகப் போய் அந்த நூலைக் கத்தரித்துவிட்டது!

அவர் திரும்பி, "ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. டிரிம்மரைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "செக்கிங்குங்களா? இந்தக் கைத் தையல்லயும் இருக்குதா பாருங்க" என்று கிசுகிசுத்தார். நானும் சிரித்தேன். அதற்குள் நேரமாகிவிட்டது. நற்கருணை வாங்காமலே ஓடிவந்தேன்.

கவலைப்படாதீர்கள் அப்பா. கை குவித்தால் விரல்கள் நூலைத் தேடுகின்றன, அவ்வளவுதான். விரலுக்கு ஒரு வேலை கொடுத்தால் மனம் ஓரிடத்தில் நிற்குமோ என்னவோ. அம்மாவின் பழைய ஜெபமாலையை ஊரிலிருந்து வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

கம்பெனி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். மாலை அறுந்திருந்தாலும் பரவாயில்லை, நான் கோத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெசிந்தா